மருமகனுக்கு நாடு பார்த்த கதை

என் மருமகன் எந்தக் கதிரையிலும் சும்மா உட்காரமாட்டார். முதலில் அதன் முதுகைப் பிடித்து இரண்டு தரம் இழுப்பார். ஆடாமல் நின்றால் தன்பாட்டில் "தாங்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். கலியாண வீட்டுக் கதிரை, ஆஸ்பத்திரி வாங்கு, பஸ் ஆசனம், ஒன்றும் தப்பாது. தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தால் அதன் காதைப் பிடித்து இரண்டு இழுப்பு. குடையைக் கொடுத்தால் கம்பியைப் பிடித்து இரண்டு இழுப்பு. நிக்காஹ் அன்று என் மகளுக்குத் தாலி கட்டினார் பாருங்கள், கொளுக்கியை மாட்டிய கையோடு அதையும் இரண்டு தரம் இழுத்தார். மகளின் தலை முன்னுக்கும் பின்னுக்கும் ஆடியது. "தாங்கும்" என்றார். அன்று பெண்டுகள் சிரித்த சிரிப்பில் பந்தலே அவிழ்ந்திருக்க வேண்டும்.

சுனாமியில் பயந்த பிள்ளை, அதனால்தான் இப்படி என்று ஊர் சொன்னது. ஊருக்கு எல்லாவற்றுக்கும் சுனாமி வேண்டும். உண்மை அதுவல்ல. சிறு வயதில் ஒரு கந்தூரியில் அவர் ஏறி நின்ற கதிரை கால் முறிந்து, பக்கத்தில் ஆறு பேர் வட்டமாக இருந்து தின்றுகொண்டிருந்த சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டுக்குள் விழுந்திருக்கிறார். அந்த ஆறு பேரும் எழும்பவில்லையாம். அவரை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிவரத் தின்று முடித்தார்களாம். அன்று தொட்டு அவர் எதையும் நம்புவதில்லை.

இப்போது அவர் இந்த வீட்டில் இல்லை. உயிரோடுதான் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். நான் சொல்ல வந்தது அவர் போன கதையை. போவதற்கு ஒரு நாடு தேடிய கதையை.

அதற்கு முதல் எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்குள் மகளைக் கட்டிக்கொடுத்தால் மகள் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். வீடும் வளவும் மகளுக்கு. ஆகவே மாமியும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே காலம் முழுக்க இருப்பார்கள். ஆனால் முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்கள். இந்தக் காலத்தில் மாமிமார் மருமகனோடு சிரிக்கிறார்கள், பக்கத்தில் நின்று படமும் எடுக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. எனக்குப் படிப்புக் குறைவு, மரியாதை குறைவில்லை. எங்கள் மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். மகள் நின்றால் மகள் வழியாகக் கதைப்போம். மகள் இல்லாவிட்டால் ஆட்டின் வழியாக.

குசினி வாசலில் கட்டியிருந்த கிடாய் அது. "ஆடே, சோறு ஆறுது எண்டு சொல்லு" என்பேன். திரைச்சீலைக்கு அப்பால் இருந்து, "ஆடே, கை கழுவிட்டு வாறன் எண்டு சொல்லு" என்று பதில் வரும். அந்தக் கிடாயை ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்கவென்று வாங்கியது. கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டு ரகசியம் முழுக்க அதற்குத் தெரியும்.

மருமகன் கட்டாரில் வேலை செய்தவர். உயர்ந்த கட்டிடங்களில் வெளிப்பக்கமாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கும் வேலை. எதையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற மனிதருக்கு ஆண்டவன் கொடுத்த வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு பிலிப்பைன்காரர், லீவு நாட்களில் மலைக்கல்லில் ஏறுவதற்கு இவரைப் பழக்கிவிட்டார். ஊரில் சமையல் காஸ் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தார். மற்ற மாப்பிள்ளைமார் கம்பளியும் டீவியும் கொண்டு வருவார்கள். இவர் ஒரு பெரிய பை நிறையக் கயிறும் கொக்கியும் கொண்டு வந்தார்.

"என்னத்துக்கு இவ்வளவு கயிறு? மாடா வாங்கப் போறாரு?" என்று மகளிடம் கேட்டேன்.

"கல்லு ஏறப் போறாராம் உம்மா. வெளிநாட்டுல. ஆறு மாசம்."

"ஏறி?"

"ஏறி, இறங்கிறது."

"மேல என்ன இரிக்காம்?"

"ஒண்டும் இல்லையாம்."

எங்கள் ஊர் கை விரித்த மாதிரித் தட்டையான ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். கல் என்றால் அம்மி, ஆட்டுக்கல். நட்டு நிற்கிற கல் மையவாடியில் கபுறுகளுக்கு மேல் நடுகிற மீசான் கல் மட்டும்தான். இலங்கைக்குள் மலை இல்லையா என்று கேட்டதற்கு, "நம்மட பக்கத்துக் கல்லுல ஒண்டு யானை, இல்லாட்டி குளவி, அதுவும் இல்லாட்டி மேல விகாரை" என்றாராம். அதில் நியாயம் இருந்தது.

எந்த நாடு என்பதுதான் கேள்வி. நாடு நாடாகக் கல்லின் படத்தை அச்சடித்து வந்து மண்டபச் சுவரில் ஒட்டினார். ஒட்டிய கடதாசியை இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார். காலையில் எழும்பி அவற்றின் முன்னால் நின்று, ஒவ்வொன்றையும் பார்த்து "தாங்குமா?" என்று கேட்பார். கல் பதில் சொல்வதில்லை. பின்னேரம் மீன்காரரையும் தபால்காரரையும் கூப்பிட்டுக் கேட்பார். பாண்டிருப்பில் இருந்து மீன் கொண்டுவரும் அம்மா, "தம்பி, எனக்கு ஏறத் தெரியாது, ஆனா இந்த நடுவில இருக்கிறது நல்ல வடிவான கல்லு" என்று ஒரு நாள் சொன்னா. அடுத்த நாள் அது கீழே இறங்கிவிட்டது. வடிவான கல் தாங்காதாம்.

கதை என் காக்காவின் காதுக்குப் போனது. காக்கா என்றால் என் அண்ணன், எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்கார். பள்ளிவாசல் காரியமும் கலியாணப் பேச்சும் அவர் வாயால்தான் முடியும். வெள்ளைச் சாரன் உடுத்துத் தொப்பி போட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"ஆறு மாசம் எங்க தங்குவீங்க மருமகன்?"

"கல்லுக்குப் பக்கத்துல கூடாரம் அடிச்சு மாமா."

"அங்கதான் சாப்பாடு? அங்கதான் படுக்கை?"

"ஓம் மாமா."

காக்கா திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது பயணம் இல்ல. ஒரு இடத்துல ஆறு மாசம் திண்டு படுத்தா அதுக்குப் பேரு மாப்பிள போறது. எங்கட ஊட்டு மாப்பிள இன்னொரு இடத்துக்கு மாப்பிள போறாரு. அப்ப அந்த இடத்த விசாரிக்காம அனுப்பேலா."

அப்படித்தான் எங்கள் வீட்டில் நாடு பார்க்கத் தொடங்கியது. சம்மந்தம் பேச வருகிற மாதிரி வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் காக்கா வருவார். வெற்றிலைத் தட்டு வைப்போம். மருமகன் சுவரில் இருந்து ஒரு நாட்டைக் கழற்றிக் காக்காவின் கையில் கொடுப்பார். காக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார்.

"இது ஜோர்தான். நபிமார் நடந்த மண்ணுக்குப் பக்கம். நல்ல இடம். ஆனா அக்கம்பக்கம் சரியில்ல. எந்த நேரமும் சண்டை. உடுங்க."

"மாமா, அது மணற்கல்லு. மழை பெஞ்சா கொஞ்ச நாளைக்குத் தாங்காது. நானும் உடத்தான் நினைச்சன்."

"தாய்லாந்து. இது என்ன, கல்லுக்குக் கீழ கடலா? கடற்கரையில இரிக்கிற மாப்பிளைய இன்னொரு கடற்கரைக்கா அனுப்புறது? ஊரு என்ன சொல்லும்?"

"கிரேக்கத் தீவு ஒண்டு இரிக்கி மாமா. உலகத்துல நல்ல கல்லு."

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இரிக்காங்க? நீங்க விழுந்து மௌத்தானா யாசீன் ஓத ஒருத்தன் இரிக்கானா?"

மருமகன் யோசித்தார். "இல்ல மாமா."

"பொறகு?"

நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லாத ஒரு காரியம் எனக்கு இருந்தது. கல் ஏறுகிறவருக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மேலே ஏறுகிறவர் கைதவறினால் கீழே நிற்கிறவர்தான் தாங்குவார். அந்தப் பிலிப்பைன்காரர் கலியாணம் முடித்துவிட்டார், வரமாட்டாராம். ஆகவே மருமகன் என் மகளைப் பழக்கத் தொடங்கியிருந்தார். மகள் பழகினால், நாடும் அமைந்தால், அவளும் போய்விடுவாள். எனக்கு அவள் ஒருத்திதான். எங்கள் ஊரில் மகன்மாரைப் பெற்றவள்தான் தனித்துப் போவாள். மகளைப் பெற்றவள் தனித்ததை நான் கண்டதில்லை.

என் மகள் உடம்பு வைத்தவள். மாப்பிள்ளை கேட்டுத் திரிந்த காலத்தில் எத்தனை வீட்டுக்காரர் அதைச் சாட்டி வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். மருமகனோ பயற்றங்காய் மாதிரி. பின் வளவில் தண்ணீர்த் தாங்கிக்கு எழுப்பிய உயரமான சீமெந்துத் தூண்கள் இருந்தன. உச்சி விட்டத்துக்கு மேலால் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி, மறு முனையை மகளின் இடுப்பு வாரில் இருந்த கொக்கிக்குள்ளால் நுழைத்து அவள் கையில் கொடுத்தார். ஏறினார். பாதியில் கையை விட்டார். நான் குசினி யன்னலில் நின்று கலிமாச் சொன்னேன்.

மகள் ஓர் அங்குலம் அசையவில்லை.

மருமகன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டு, "தாங்குது! புள்ள, தாங்குது!" என்று கத்தினார். நாலு வளவுக்குக் கேட்டது. நிக்காஹ் அன்றுகூட என் மகள் அப்படிச் சிவந்ததை நான் காணவில்லை.

அன்றிலிருந்து நானும் நாடு பார்த்தேன். கெடுப்பதற்குத்தான். சுவரில் ஓமான் ஏறியது. "ஆடே, அங்க வெயிலுக்குக் கல்லு தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்கும் எண்டு சொல்லு" என்றேன். ஓமான் இறங்கியது. ஸ்பெயின் ஏறியது. "ஆடே, அங்க எல்லாத்துலயும் பண்டி இறைச்சியாம் எண்டு சொல்லு." ஸ்பெயின் இறங்கியது. ஆடு ஒன்றும் சொல்லாமல் பலா இலை தின்றது.

கடைசியில் துருக்கி வந்தது. இதற்குக் காக்கா ஒரு தரகரே பிடித்தார். சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர், ஒரு தரம் துருக்கிக்குச் சுற்றுலா போய் வந்தவர். வட்டிலப்பம் வைத்தோம். அவர் மூன்று துண்டு தின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நல்ல இடம் மரைக்கார். பள்ளிவாசல் உள்ள ஊரு. பாங்குச் சத்தம் கேக்கும். நான் வேன்ல போகக்குள்ள அந்தக் கல்ல என்ட கண்ணால கண்டன்."

"ஆள் எப்பிடி?" என்றார் காக்கா.

"நல்ல உயரம். நிறம் வெள்ளையும் இல்ல, கறுப்பும் இல்ல, ஒரு சாம்பல். அடக்கமான கல்லு. கீழ பைன் மரம்."

"குறை ஏதும்? மறைக்காமச் சொல்லணும். பொறகு பிரச்சினை வரப்பொடாது."

ஆலைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்றன். அங்கங்க வெடிப்பு இரிக்கி. ஓட்டையும் இரிக்கி."

மருமகன் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். "வெடிப்பா? கை போகுமா? விரல் மட்டுமா, முழுக் கையுமா?"

"மருமகன், இரிங்க! மாப்பிள இந்தப் பேச்சுக்குள்ள வாய் திறக்கப்பொடாது" என்றார் காக்கா. பிறகு படத்தை மடித்து வெற்றிலைத் தட்டில் வைத்தார். "வெடிச்ச கல்லுக்கு எங்கட புள்ளையக் குடுக்கேலா. முடிஞ்சுது."

வெடிப்பு இல்லாவிட்டால் கை வைக்க இடம் இல்லை, ஏறவே முடியாது என்று மருமகன் சொல்லிப் பார்த்தார். குறையுள்ள இடத்தில் ஆசை வைத்துவிட்ட பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று காக்கா சொல்லிவிட்டார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சு விட்டேன். சுவர் வெறுமையானது. மருமகன் அதன் முன்னால் கதிரையைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, உட்கார்ந்து, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் மனதைச் சுட்டது. கொஞ்சம்தான்.

பிறகுதான் காஸ் லொறி வந்த நாள்.

பின்னேரம். மருமகன் தண்ணீர்த் தாங்கியில் ஏறி மேல் விட்டத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். தாங்கியின் தட்டு மறைப்பதால் அங்கிருந்து கீழே நிற்கிறவரைத் தெரியாது. சந்தியில் காஸ் லொறி வந்துவிட்டதென்று யாரோ கத்தினார்கள். அந்த நாட்களில் அந்தச் சொல்லைக் கேட்டால் தொழுகையில் நிற்பவருக்கும் கால் துடிக்கும். மகள் இடுப்பு வாரைக் கழற்றிப் பக்கத்துத் தென்னையின் அடியில் பூட்டினாள். கொக்கியால் வெளியே வருகிற கயிற்றின் வாலை என் கையில் திணித்தாள்.

"உம்மா, இதப் புடிங்க. என்ன வந்தாலும் உட்டுடாதீங்க."

"அடியே, அவர் மேல இரிக்காரே!"

"அவர் இரிப்பார். காஸ் இரிக்காது."

வெற்றுச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வளவில் நானும் கயிறும் மட்டும். நல்லவேளை, ஆடு இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து சத்தம் வந்தது. "புள்ள, இறங்கப் போறன். புடிச்சிரிக்கியா?"

நான் என்ன சொல்வது? முக்காட்டை இழுத்துவிட்டேன், ஒரு கையால். மற்றக் கையில் மருமகன்.

"புள்ள! கேக்குதா? புடிச்சிரிக்கியா இல்லையா?"

"ஆடே," என்றேன், "புடிச்சிரிக்கி எண்டு சொல்லு."

அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாமலே தெரிந்தது. அவருக்கும் நேரே கதைக்க ஏலாது. மேலே ஆடும் இல்லை. தாங்கியில் ஒரு காகம் இருந்திருக்க வேண்டும்.

"காக்கையே," என்று மேலே இருந்து குரல் வந்தது, "புள்ள எங்க எண்டு கேளு."

"ஆடே, காஸ் எடுக்கப் போயிரிக்கா எண்டு சொல்லு."

"காக்கையே, எப்ப வருவா எண்டு கேளு."

"ஆடே, கியூ பெரிசாம் எண்டு சொல்லு."

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. இரண்டு பேரும் வாய்மூடிக் கேட்டோம். முடிந்ததும் மேலே இருந்து, "காக்கையே, தொழுகைக்கு நேரமாகுது, இறக்க ஏலுமா எண்டு கேளு. கயிற மெள்ள மெள்ள உடணும். கைய கொக்கிக்குக் கிட்டக் கொண்டு போகப்பொடாது எண்டு சொல்லு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஆடே, ஆழக் கிணத்துல வாளி இறக்கின கை இது. எனக்குப் படிப்பிக்க வேணாம் எண்டு சொல்லு."

கயிறு என் கைக்குள் அசைந்தது. ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு.

அது எனக்கு விளங்கியது. கதிரையிடம் கேட்கிற கேள்வி. கோப்பையிடமும் குடையிடமும் என் மகளின் தாலியிடமும் கேட்ட கேள்வி. இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் அவர் நேரே கேட்ட முதல் கேள்வி. இதற்கு ஆடு வேண்டியதில்லை. நானும் கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன்.

அவர் விட்டத்தை விட்டார். பாரம் கயிற்றில் இறங்கியது. தென்னை முனகியது. நான் முனகவில்லை. வாளியை இறக்குவது போல, சுவரில் முட்டாமல், மெள்ள மெள்ள என் மருமகனை இறக்கினேன். கால் மண்ணில் பட்டதும் அவர் முகத்தை மதில் பக்கம் திருப்பினார். நான் குசினிப் பக்கம் திரும்பி நடந்தேன். சந்தியில் இருந்து மகள் வெற்றுச் சிலிண்டரோடு திரும்பி வந்தாள். காஸ் முடிந்துவிட்டதாம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. கதிரை நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. திரைச்சீலை ஓரத்தால் பார்த்தேன். இழுத்துப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். என் வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார்:

"ஆடே, கல்லு ஏறப் போறதா வேணாமா, போனா எந்த நாடு எண்டு மாமிட்டக் கேளு. மாமி சொல்றதுதான். வேற ஆருட்டயும் கேக்கமாட்டன்."

அல்லாஹ்வே, இத்தனை நாளும் எத்தனை நாட்டை வெட்டி விழுத்தினேன். இப்போது ஒரு சொல் போதும். வேண்டாம் என்றால் மகள் எனக்கு. மகள் குனிந்து மீன் துண்டை முள் எடுத்து அவர் சோற்றுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. பார்க்காத அந்தப் பார்வையை நான்தானே பெற்றேன்.

"ஆடே," என்றேன், "இவ்வளவு நாளும் மேல ஏறுறவருக்குத்தான் நாடு பாத்திங்க. கீழ நிக்கிறவளுக்கு நிழல் இரிக்கிற நாடு எது எண்டு கேளு."

திரைச்சீலைக்கு அப்பால் மடித்த கடதாசியொன்றை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "துருக்கி. கல்லுக்குக் கீழ பைன் மரம் இரிக்கி எண்டு சொல்லு" என்றார்.

"அப்ப அதுதான் எண்டு சொல்லு."

காக்கா மறுநாளே வந்து குதித்தார். "தங்கச்சி, வெடிச்ச கல்லு! அதுவும் போகட்டும். பொம்புளப் புள்ள ஊட்ட உட்டுப் போற வழக்கம் எங்கட குடியில இரிக்கா?"

"காக்கா, இது மாப்பிள போறதெண்டு சொன்னது ஆரு?"

"நான்தான்."

"மாப்பிள தனிய போறாரா? அவரக் கொண்டு போய் உட எங்கட பக்கத்தால ஆள் போறதில்லையா?"

காக்கா வெற்றிலையை மென்றார். நெடுநேரம் மென்றார். "ஆறு மாசமா கொண்டு போய் உடுறது?" என்றார் கடைசியில். ஆனால் குரல் தோற்றுவிட்டது.

ஆறு மாதம் என்று போனார்கள். இன்னும் வரவில்லை. கல் ஏற வருகிறவர்களுக்கு என் மகள் அங்கே சோறும் கறியும் சமைத்துப் போடுகிறாளாம், கையோடு கயிறும் பிடிக்கிறாளாம். எந்த நாட்டுக்காரனும் என் மகள் பிடித்தால் பயமில்லாமல் ஏறுகிறானாம். போனில் படம் காட்டுவாள். மருமகன் பின்னால் வந்தால் நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஆட்டைக் காட்டுவேன். அவர் ஆட்டுக்கு சலாம் சொல்வார். விசாரிக்காமல் மாப்பிள்ளை அனுப்பினால் இப்படித்தான், திரும்பி வரமாட்டார்கள் என்று காக்கா இன்றும் சொல்கிறார். நாங்கள் எவ்வளவு விசாரித்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

போன நாளில் வேன் வாசலில் நின்றது. மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போய் ஏறிவிட்டாள். பயணம் போகிறவர் மாமியிடம் மாப்புக் கேட்டுப் போகவேண்டும். மருமகன் மண்டபத்துக்குள் வந்து திரைச்சீலைக்கு முன்னால் நிற்பது அவர் நிழலில் தெரிந்தது. நான் இந்தப் பக்கம் நின்றேன். ஆடு வெளியில் பலா மரத்தடியில் நின்றது. கூப்பிட்டிருக்கலாம். இரண்டு பேரும் கூப்பிடவில்லை.

திரைச்சீலையின் ஓரம் அசைந்தது. ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு.

என் வீட்டுக்குள் எனக்கு மட்டும் மிஞ்சப்போகிற அமைதி அப்போதே காதுக்குள் வந்துவிட்டது. கை எழும்ப மறுத்தது. எழுப்பினேன். சீலையைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தேன்.

"தாங்கும்" என்று அந்தப் பக்கம் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.